மடங்கிய விரலும் கருப்புக் கொட்டையும்

1987 ஜனவரி 6, செவ்வாய்

மூன்று ராஜாக்கள் திருநாள். காலைப் பூசைக்குப் போய்விட்டு நேராக எஸ்டேட் காப்பிக் களத்துக்கு வந்தேன். பத்து மணி வரை பனி விலகவில்லை. கொட்டையில் கருப்பும் உடைசலும் பொறுக்கியெடுக்கும் எட்டுப் பெண்களுக்கும் வருகைப் பேர் போட்டுவிட்டு, வலது கையை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். குளிருக்காக அல்ல. யாரும் அந்தக் கையைப் பார்க்க வேண்டாம் என்றுதான்.

நவம்பரில், காப்பிப் பழம் உரிக்கும் பல்ப்பர் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்த கை இது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் இனி நிமிராது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். "பேனா புடிக்கலாம், சோறு பெசையலாம். அதுக்கு மேல என்னங்க வேணும்?" எனக்கு வேணுமே டாக்டர்! இருபது வருஷமாக இந்த மலையில் கோயில் திருவிழா என்றாலும் பள்ளிக்கூட ஆண்டு விழா என்றாலும் "மாஜிக் ரைட்டரைக் கூப்பிடு" என்பார்கள். எஸ்டேட் ரைட்டர் என்பது சோற்றுக்கு. மாஜிக் ரைட்டர் என்பது எனக்கு.

கிறிஸ்துமஸ் அன்று பங்கு மண்டபத்தில் நடந்ததை எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன். உள்ளங்கையில் மறைத்த காசு நழுவி விழுந்தது. விழுந்ததோடு நிற்காமல் மேடையில் உருண்டு, படியில் குதித்து, சாமியார் நாற்காலிக்குக் கீழே போய் நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். அது பரவாயில்லை. சாமியார் குனிந்து எடுத்து, துடைத்து, "இந்தாங்க மரியஅந்தோணி" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று கோடை விழாக் குழுவிலிருந்து கடிதம். மே கடைசியில் எனக்குப் பதினைந்து நிமிடம். கீழே ஒரு வரி: பழைய ஐட்டங்கள் வேண்டாம், புதிதாக ஒன்றாவது இருக்க வேண்டும்.

ஆகட்டும். மே மாதத்தில் தெரிந்துவிடும். மேடையில் நின்றால் நான் மாஜிக்காரன். இல்லையென்றால் மாஜிக் பெட்டியை அப்படியே சேலத்து மாஜிக்கார நண்பன் தேவசிகாமணிக்குக் கொடுத்துவிட்டு வெறும் ரைட்டராக இருந்துவிடுவது. பாதி மாஜிக்காரன் என்று ஒருவன் கிடையாது.

ஜனவரி 10, சனி

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக முயன்றேன். காசு, முடியாது. சீட்டு, ஐந்தாவது சீட்டிலேயே கட்டு சிதறியது. கயிறு வெட்டுவது வருகிறது, ஆனால் அதை இந்த மலையில் பார்க்காத மாடு கூட இல்லை. செல்வமேரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். இருபது வருஷத்தில் என் மனைவி ஒன்றும் சொல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 19, திங்கள்

இன்று ஒரு விஷயம் நடந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் கை இன்னும் பரபரக்கிறது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மேரி என் கையைப் பிடித்துத் திருப்பினாள். "ஏனுங்க, இது என்னுங்க வெரலுக்குள்ள?" மடங்கிய சுண்டு விரலுக்குள் ஒரு காப்பிக்கொட்டை. காலையில் களத்தில் கொட்டையை அள்ளிப் பார்த்தபோது மாட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு பேர் எழுதினேன், சாக்கு எண்ணினேன், சைக்கிள் ஓட்டினேன், கை கூடக் கழுவினேன். விழவில்லை! எனக்கே தெரியவில்லை.

காசு வழுக்கும். கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, நடுவில் கீறல். பிடித்துக்கொள்கிறது. அதைவிட இன்னொன்று. மற்ற மாஜிக்காரன் விரலை மடக்கினால் என்ன ஒளிக்கிறான் என்று பார்ப்பார்கள். என் விரல் எப்போதும் மடங்கியே இருக்கிறது. பாவம் அடிபட்ட கை என்று பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஆண்டவரே, நவம்பரிலிருந்து உம்மிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஒரு நாள் நிறுத்திக்கொள்கிறேன்.

ஜனவரி 28, புதன்

ஒளிக்க ஓர் இடம் கிடைத்தால் ஐட்டம் ஆகிவிடாது. பார்த்தவன் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் ஒரே வரியில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "கொட்டை காணாமல் போச்சு" என்றால் எலி தின்றிருக்கும் என்பாள். எங்கே போய்க் கிடைத்தது என்பதுதான் வரி.

ஒரு வாரமாக யோசிக்கிறேன். தீப்பெட்டிக்குள்? சின்னது. பூட்டிய பெட்டிக்குள்? பெட்டியையே சந்தேகப்படுவார்கள். இன்று பஸ் நிறுத்தத்தில் கிளியூர்ப் பெண் ஒருத்தி ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்தாள். ஒன்று வாங்கி உரித்தேன். உரித்துக்கொண்டே இருக்கும்போது வரி வந்துவிட்டது: "வெளுத்த கொட்டையோட போட்ட கருப்புக் கொட்டை ஆரஞ்சுப் பழத்துக்குள்ள இருந்துச்சு."

ஆரஞ்சுக்குள் அது எப்படிப் போகிறது என்பதை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன். மேரிக்குப் படிக்கத் தெரியும். இரண்டு விநாடி போதும் என்று மட்டும் எழுதிவைக்கிறேன். அந்த இரண்டு விநாடி எல்லார் கண்ணும் வேறு எங்காவது இருக்க வேண்டும்.

பிப்ரவரி 3

மேரியிடம் செய்து காட்டினேன். இரண்டு விநாடிக்கு, "பால் பொங்குது பாரு" என்றேன். திரும்பினாள். பழத்தை வெட்டினேன். கொட்டையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண் கலங்கி, "உங்க கை வந்துருச்சுங்க" என்றாள். கை வரவில்லை மேரி. கை அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த நிமிடமே, விருந்தாளிக்கு வைத்த பழத்தை வெட்டிவிட்டதாகத் திட்டு. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

மண்ணைக் கவ்வினேன்.

தேநீர் நேரத்தில் களத்துப் பெண்களிடம் செய்து காட்டினேன். முறத்தில் வெளிர் கொட்டை, அதில் ஒரு கருப்பு. பேச்சு, சிரிப்பு, கர்ச்சீப் உதறல் எல்லாம் ஜோராகத்தான் போனது. முடிவதற்குள் காளியாயி, வெற்றிலையை மென்றபடியே, "அந்த மடங்குன வெரலுக்குள்ளதானுங்களே இருக்குது" என்றாள். ஏதோ கடிகாரத்தில் மணி பார்த்துச் சொல்வதுபோல.

எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். எட்டுப் பேருக்கும் தெரிந்திருக்கிறது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன் போல.

பிப்ரவரி 9

மறுபடியும் பிடிபட்டேன். இந்த முறை பாவாயி.

பிப்ரவரி 11

பிடிபட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. மாஜிக்காரன் பேசினால் ஜனங்கள் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். சிரிக்க வைத்தால் கண் தளரும். இதுதான் எங்கள் தொழிலுக்கு மூலதனம். ஆனால் இந்தப் பெண்கள் நாள் முழுக்க ஊர்க்கதை பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கண் மட்டும் கொட்டையை விட்டு எழுவதில்லை. கருப்பையும் உடைசலையும் பொறுக்கிப் பொறுக்கி அப்படி ஆகிவிட்ட கண். "அங்க பாருங்க, கரடி!" என்றுகூட இன்று சொல்லிப் பார்த்தேன். பாவாயி குனிந்த தலை நிமிராமல், "வந்தா டீ குடுத்து அனுப்புங்க" என்றாள்.

இவர்களிடம் செய்து காட்டாமல் விட்டுவிடலாம். மேடைக்கு வருகிறவர்கள் கொட்டை பொறுக்குகிறவர்கள் அல்லவே. ஆனால் மனசு ஒப்பவில்லை. இந்த எட்டு ஜோடிக் கண்ணைத் தாண்டினால் சேலம் ஜில்லா முழுக்கத் தாண்டின மாதிரி.

பிப்ரவரி 20, வெள்ளி

கிடைத்துவிட்டது.

பத்தாவது தடவையோ பதினொன்றாவதோ. செய்துகொண்டிருக்கும்போது, அவர்கள் பொறுக்கி முடித்த குவியல் லேசாகச் சரிந்தது. உள்ளேயிருந்து ஒரு கருப்புக் கொட்டை உருண்டு வந்தது. நான் வைத்ததல்ல, அவர்கள் தவறவிட்டது. அவ்வளவுதான். எட்டுக் கையும் ஒரே நேரத்தில் அதன் மேல் பாய்ந்தன. எட்டுத் தலையும் குனிந்தன. நான் அங்கே நிற்பதே மறந்துபோயிற்று. அந்த நேரத்தில் என் வேலையை முடித்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

பழத்தை வெட்டியபோது காளியாயி மெல்லுவதை நிறுத்தினாள். "அட சாமி! இது எப்பங்க போச்சு?"

கருப்பை மறைப்பதற்கு இன்னொரு கருப்புதான் வழி. கரடியைக் காட்டி என்ன பிரயோஜனம்? அவரவர் தேடுகிறதைக் காட்ட வேண்டும்.

பிப்ரவரி 23, திங்கள்

சொல்லிவிட்டேன். எட்டுப் பேரிடமும் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன். பெட்டி வாங்கிய நாளில் பைபிள் மேல் கை வைத்து, யாருக்கும் சொல்வதில்லை என்று எனக்கு நானே செய்த சத்தியம் உடைந்தது.

வேறு வழியில்லை. மேடையில் வெறும் ஜனங்கள் கருப்புக் கொட்டையைப் பார்த்துப் பாய மாட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு கொட்டை, அவ்வளவுதான். இதைத்தான் கேட்டேன். பாவாயிதான் வழி சொன்னாள். "அப்ப அவங்களையும் பொறுக்க வைங்க. ஆளுக்கு ஒரு கைப்பிடி குடுத்துத் தேடச் சொல்லுங்க. தேட ஆரம்பிச்சா எல்லாருக்கும் நம்ம கண்ணு வந்துருமுங்க."

இருபது வருஷமாக நான் மேடை ஏறுகிறேன். இது எனக்குத் தோன்றவில்லை.

காளியாயி இன்னொன்று சொன்னாள். அதே கொட்டைதான் என்று நம்ப அடையாளம் வேண்டும், கருப்பில் மை தெரியாது, அதனால் சுண்ணாம்பால் புள்ளி வைக்கச் சொல்லி, தன் சுருக்குப் பையிலிருந்து டப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது ஐட்டம் இப்படி நிற்கிறது. கூட்டத்தில் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொட்டை முதலிலேயே கொடுத்தாயிற்று. ஒருவர் மேடைக்கு வந்து கருப்புக் கொட்டைக்குப் புள்ளி வைக்கிறார். முறத்தில் போட்டுப் புடைக்கிறேன். காணாமல் போகிறது. "உங்களில் யாரோ ஒருவர் பொட்டலத்துக்குப் போய்விட்டது, தேடுங்கள்" என்கிறேன். ஒரு பொட்டலத்தில் மட்டும் புள்ளியில்லாத வேறொரு கருப்பை முன்னாலேயே வைத்திருப்பேன். கண்டவர் கத்துவார், எல்லாரும் திரும்புவார்கள். எனக்கு இரண்டு விநாடி. "புள்ளி இருக்கிறதா?" "இல்லை." "அப்படியானால் அது நம்முடையது இல்லை." பழத்தை வெட்டினால், புள்ளி வைத்த கொட்டை.

மார்ச் 8, ஞாயிறு

தேவசிகாமணி சேலத்திலிருந்து வந்திருந்தான். இருவரும் ஒரே வயது, ஒரே காலத்தில் மாஜிக் பெட்டி வாங்கியவர்கள். அவன் தையற்கடையும் வைத்திருக்கிறான். ஐட்டத்தைக் காட்டினேன். எழுந்து கை குலுக்கினான். எட்டுப் பெண்களுக்கும் தெரியும் என்றதும் கையை விட்டுவிட்டான்.

"களத்துப் பொம்பளைங்ககிட்ட ரகசியத்தச் சொன்னியா? நாளைக்கு அடிவாரம் வரைக்கும் பேசுவாங்கடா. உனக்கு வெரல்தான் போச்சுன்னு நெனச்சேன், புத்தியும் போச்சா?"

மேரி காப்பி டம்ளரை டொக்கென்று வைத்தாள். அவன் போன பிறகு அதுவே மனசில் அரித்தது. சொன்னது தப்போ?

ஏப்ரல் 2

ஒரு மாதமாகிறது. மலையில் ஒருவர்கூட என்னிடம் வந்து ஆரஞ்சைப் பற்றி விசாரிக்கவில்லை. பாவாயியின் புருஷன் குழந்தைவேல் இன்று, "இவ என்னமோ சிரிச்சுக்கிட்டே இருக்கறாளுங்க, கேட்டாச் சொல்ல மாட்டேங்கறா" என்று என்னிடம் முறையிட்டான்.

அப்படியும் தேவசிகாமணி சொன்னதில் கொஞ்சம் என்னிடம் ஒட்டிக்கொண்டது. எந்தப் பொட்டலத்தில், எப்போது கருப்பு போகும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. மாஜிக்காரனுக்கு என்று ஒன்றாவது வேண்டாமா?

மே 23, சனி

நாளைக்கு நாலு மணிக்கு. கோடையென்று பெயர், மத்தியானத்திலிருந்து குளிர். விரல் இரண்டும் மரக்கட்டையாகக் கிடக்கிறது. வெந்நீரில் வைத்திருக்கிறேன். புனித அந்தோணியாரே.

மே 25, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

காலையில் எட்டுப் பெண்களும் குடோனுக்கு வந்து பொட்டலம் மடித்தார்கள். எண்பது காகிதத்தில் நான் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டை வைத்துக்கொண்டே போனேன். அவர்கள் மடித்துக்கொண்டே வந்தார்கள். ஒன்றில் மட்டும் கருப்பை நைஸாகச் செருகினேன். பிறகு எல்லாரும் பஸ் ஏறிப் போய் மேடைக்கு முன் வரிசையில், யாரோ போல உட்கார்ந்துகொண்டார்கள். பாவாயி பச்சைச் சேலை.

ஏரிக்கரை மேடை. நல்ல கூட்டம், எண்பது பொட்டலத்தையும் பகிர்ந்து கொடுத்தாயிற்று. ஈரோட்டிலிருந்து வந்த ஒரு கண்ணாடி போட்ட அம்மா மேடைக்கு வந்து புள்ளி வைத்தார். முறத்தில் போட்டேன், புடைத்தேன், காணோம். கைதட்டல். "இப்போது பொட்டலத்தைப் பிரித்துத் தேடுங்கள்" என்றேன். சரசரவென்று எண்பது காகிதம்.

ஒருவரும் கத்தவில்லை.

காத்திருந்தேன். கண்ணாடி அம்மா என்னிடமிருந்து இரண்டு அடி தூரத்தில் நின்று என் கையையே பார்க்கிறார். தேடினவர்கள் ஒவ்வொருவராகத் தலை நிமிர்த்துகிறார்கள். எல்லாக் கண்ணும் என் மேல். "நன்றாகத் தேடுங்கள்" என்றேன், குரல் கீச்சென்றது. பின்னால் எவனோ விசில் அடித்தான். மறுபடியும் கிறிஸ்துமஸ்தான், சாமியார் குனிந்து எடுத்துத் தரப்போகிறார் என்று நினைத்தேன். பெட்டியைத் தேவசிகாமணியிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். அவன் நான்காவது வரிசையில் தயாராக உட்கார்ந்திருக்கிறான்.

அப்போது பச்சைச் சேலை எழுந்தது.

"இங்க இருக்குதுங்க! கருப்பு! எங்கிட்ட இருக்குதுங்க!"

பாவாயி இரண்டு விரலால் எதையோ கிள்ளிப் பிடித்துக் கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்றாள். மொத்தக் கூட்டமும் திரும்பியது. கண்ணாடி அம்மா மேடை விளிம்புக்கே போய் எட்டிப் பார்த்தார். இரண்டு விநாடி கேட்டிருந்தேன், பாவாயி எனக்கு இருபது விநாடி கொடுத்தாள். விரல் மரத்துப்போயிருந்தும் வேலை முடிந்தது.

"புள்ளி இருக்குதுங்களா?" என்று கேட்டேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காணமுங்க! இது வேற கருப்புங்க!" என்று சலிப்போடு தோளுக்குப் பின்னால் வீசியெறிந்தாள். பின் வரிசைக்காரர் ஒருவர் குனிந்து தரையில் தேடினார்.

பழத்தை வெட்டச் சொல்லிக் கத்தியைக் கண்ணாடி அம்மாவிடமே கொடுத்தேன். புள்ளியைப் பார்த்துவிட்டு, "ஐயோ, நான் வெச்சதுதான்" என்று அவர் மைக்கில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கூட்டம் எழுந்து நின்றது. நான் அழுதேன். சுளையிலிருந்து சாறு கண்ணில் பட்டதாக எல்லாரிடமும் சொன்னேன். அழுதேன் என்பதுதான் உண்மை.

முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் பாவாயியிடம் கேட்டேன்: "என் கருப்பு உங்க பொட்டலத்துலதான் வந்துச்சுங்களா?"

"எந்தக் கருப்புங்க? எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. வெறுங்கையத்தான் தூக்கிக் காட்டுனேன்."

அப்படியானால் நான் வைத்தது எங்கே? அதற்குள் காளியாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். "நாந்தானுங்க. காத்தால மடிக்கறப்ப ஒண்ணுல கருப்பு கெடந்துச்சுங்க. கை தானா எடுத்துக் கடாசிருச்சுங்க. நீங்க அப்புறமா வெப்பீங்கன்னு இருந்தேன், அதுதான் இதுன்னு எனக்குத் தெரியிலீங்களே!"

எப்படித் தெரியும்? நான்தான் சொல்லவில்லையே. முப்பது வருஷமாகக் கருப்பைக் கண்டால் எடுத்துப் போடுகிற கை. மடிப்பதற்காக அதன் முன்னால் நானே கருப்பை வைத்துவிட்டு, சொல்லாமலும் இருந்தேன். எல்லா ரகசியத்தையும் சொன்னது தப்போ என்று இரண்டு மாதம் புழுங்கினேன். சொல்லாமல் வைத்த ஒரே ஒரு ரகசியம்தான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

காளியாயியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, எதுக்குங்க" என்று அவள் இன்னும் பெரிதாக அழுதாள். எல்லாருமாகச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம்.

இந்த எட்டுப் பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நான் பிடிபட்ட ஒவ்வொரு தடவைக்கும் நன்றி. மேரிக்கு நன்றி. டாக்டருக்கும்தான், விரல் நிமிராமல் விட்டதற்கு.

மே 28, வியாழன்

தேவசிகாமணி கடையிலிருந்து டிரங்க் கால் போட்டு ஆபீசுக்குப் பேசினான். பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

"பச்சச் சேலக்காரம்மா கையில இருந்த கொட்டைய எங்கடா புடிச்ச? அவ்வளவு கருப்பா நான் பாத்ததே இல்ல."

"அந்தம்மா கையில ஒண்ணும் இல்லடா."

"போடா. நாலாவது வரிசையில இருந்து இந்தக் கண்ணால பாத்தேன். வீசுனதும் கீழ விழுந்த சத்தமே கேட்டுச்சு."

டிரங்க் காலுக்கு உள்ள மூன்று நிமிடம் முடியப்போகிறது என்று நடுவில் ஆபரேட்டர் சொன்னார். பிறகு, "அவங்களக் கேட்டதாச் சொல்லு" என்றான்.

ஆகஸ்ட் 15

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் முடிந்ததும் செய்தேன். பாவாயி வேறு மாதிரி செய்து பார்க்கலாம் என்கிறாள். அவளும் காளியாயியும் எதிர் எதிர் மூலையில் ஒரே நேரத்தில் கத்துவதாம். நான் வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் என்னைக் கேட்காமலே செய்துவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது.

1988 ஏப்ரல் 20, புதன்

கோடை விழாவுக்கு இந்த வருஷம் குழுக்காரர்களே ஆள் அனுப்பினார்கள். விழா ஆபீசில் போய் விண்ணப்பப் பாரம் எழுதினேன். கலைஞர்கள் எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்பது என்று போட்டேன். கீழே பேர்: பாவாயி, காளியாயி, வெள்ளையம்மாள், சென்னம்மாள், பழனியம்மாள், காவேரி, மரியசெல்வி, சாந்தாமேரி. கடைசியில் என் பேர்.

கிளார்க் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒம்பது பேருங்களா? மேடையில அத்தன பேர் நிக்க எடம் பத்தாதுங்களே" என்றார்.

"மேடையில நான் ஒருத்தன்தானுங்க. மத்தவங்க கீழ, ஜனங்களோட உக்காந்திருப்பாங்க."

"கீழ உக்காந்து என்ன செய்வாங்க?"

"அவங்களைக் கேட்காம நான் சொல்லக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.